கேள்வியா, ப்ராஜெக்ட்டா: 40 பேர் வகுப்பில் எதை முதலில் தொடங்கலாம்?

ஒரு கேள்வியை எடுத்துச் சோதித்து விடை தேடும் ஆய்ந்தறியும் கற்றலையும், ஒரு வேலையைக் குழுவாகச் செய்து முடிக்கும் செயல்திட்டக் கற்றலையும் (ப்ராஜெக்ட்) ஆசிரியர் பயிற்சிகளில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். வகுப்புக்குள் போனால் இரண்டும் கேட்கிற நேரம் வேறு, ஆசிரியரிடம் கேட்கிற திறமை வேறு, கெட்டுப்போகிற விதமும் வேறு. அரசு நடுநிலைப் பள்ளியின் அறிவியல் வகுப்பை மனதில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் கேள்வி. விதை முளைத்தல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு ஸ்கேல், மூன்று மொச்சைக் கொட்டை. ஸ்கேலில் மேலே, நடுவில், அடியில் ஒவ்வொன்றாக நூலால் கட்டி டம்ளரில் வைத்து, நடுக் கொட்டை பாதி நனையும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். எது முளைக்கும் என்று கேட்டால், "அடியில இருக்கிறதுதான் சார், அதுக்குத்தானே தண்ணி நிறைய" என்று சொல்கிற பிள்ளைகள் இருப்பார்கள். சில நாளில் நடுக் கொட்டை நன்றாக வேர் விட்டிருக்கும். முழுகியது வளராமல் அழுகத் தொடங்கும். அந்த இடத்தில் ஆசிரியர் "காற்று வேண்டும்" என்று முந்திக்கொண்டால் பாடம் கைநழுவிப் போகும். பொறுத்திருந்து, "மேல் கொட்டைக்குக் காற்று இருந்ததே, அது ஏன் முளைக்கவில்லை?" என்று கேட்டால் போதும். இரண்டும் சேர்ந்து வேண்டும் என்று பிள்ளைகளே சொல்வார்கள். செலவு இரண்டு பாடவேளை, தினமும் ஐந்து நிமிடம்.

பிள்ளைகளைச் சும்மா விட்டுவிட்டால் இது நடக்காது. குறைந்த வழிகாட்டலுடன் கற்கச் சொன்னால், புதிதாகக் கற்பவர்களின் நினைவுக்குச் சுமை கூடிவிடும் என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி உளவியலாளர்கள் மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரை இன்றும் விவாதிக்கப்படுகிறது. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேலே சொன்ன சோதனையிலும் கேள்வியைத் தேர்ந்தெடுத்தது ஆசிரியர்தான்.

சாதாரண அரசுப் பள்ளியில் முடியுமா என்பவர்களுக்கு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பதில் சொல்கிறது. 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அந்த அறிவியல் திட்டம், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் பரிசோதனை வழியாகவே பாடம் நடத்தியது. அவர்கள் தேர்வையும் மாற்றினார்கள்: புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தியது பெரிய இழப்பு.

இனி ப்ராஜெக்ட். "நம் தெருவில் எத்தனை குழாய் ஒழுகுகிறது, ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் வீணாகிறது?" என்று பிள்ளைகள் வாளியோடும் கடிகாரத்தோடும் கிளம்பினால், கணக்கும் அறிவியலும் ஊர் நிர்வாகமும் ஒன்றாக வந்துவிடும். பரீட்சைத் தாளில் பின்தங்குகிற பிள்ளை இங்கே குழுவை நடத்திக் காட்டும். 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 10 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளிடம் இதைத்தான் கேட்கிறது: உள்ளூர்ப் பிரச்சினை, சொந்தமாகத் திரட்டிய தகவல். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் தோழர்கள் இதற்காக உழைக்கிற உழைப்பு மதிக்கத்தக்கது.

ஆனால் அன்றாட வகுப்பில் ப்ராஜெக்ட் என்ன ஆகிறது? தமிழ்நாட்டில் 2012-13-இல், ஆண்டை மூன்று பருவமாகப் பிரித்த முப்பருவ முறையோடு வந்த மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கு 20 மதிப்பெண் ஒதுக்கினார்கள். நல்ல எண்ணம்தான். நேரமில்லாத ஆசிரியர் அதை வீட்டுக்கு அனுப்ப, ஸ்டேஷனரி கடையில் வாங்கிய படமும் ஜிகினா ஒட்டிய சார்ட்டும் திரும்பி வந்தன. அம்மா அப்பாவுக்கு நேரமும் காசும் உள்ள பிள்ளைக்கு மதிப்பெண். செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைக்குத் தலைகுனிவு. இந்த அநியாயத்தை ஏற்க முடியாது.

அதனால் 6, 7-ஆம் வகுப்புகளில் வாரம் ஒரு கேள்வி வகுப்பைத்தான் முதலில் தொடங்கச் சொல்வேன். அளந்து குறித்துவைக்கவும், நினைத்தது தவறானால் மாற்றிக்கொள்ளவும் பழகிய பிறகு, 8-ஆம் வகுப்பில் பருவத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் போதும். தகவல் திரட்ட வெளியே போகலாம்; எழுதுவதும் வரைவதும் பள்ளி நேரத்தில், பள்ளித் தாளில் நடக்க வேண்டும். மதிப்பெண்ணைச் சார்ட்டுக்குப் போடாமல் குறிப்பேட்டுக்குப் போடுங்கள். கூடவே ஒவ்வொரு பிள்ளையிடமும், "முதலில் என்ன நினைத்தாய், இப்போது என்ன நினைக்கிறாய்?" என்று நேரில் கேளுங்கள்.