பேசப் பழக எங்கே போகலாம்: டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றமா, எழுத்தாளர் அக்காவிடமா?

போன வருடம் என் மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக்கூட்டம். கையைத் தூக்கினேன், மைக்கும் வந்தது, வார்த்தை வரவில்லை. "ஒன்னும் இல்ல, பரவாயில்ல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வந்தது சின்ன விஷயம் இல்லை. காலை ஏழு மணிக்கு வேன்கள் பிள்ளைகளைப் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடுகின்றன. ஏழு வயதுப் பிள்ளைகள் பையைச் சுமந்துகொண்டு லாரிகளுக்கு நடுவே ஓடி வருகிறார்கள்.

அன்றைக்கே முடிவு செய்தேன், பேசப் பழகியே ஆக வேண்டும் என்று. நான்கு மாதம் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் ஒன்றுக்குப் போனேன். உறுப்பினர்கள் கூடி மேடைப்பேச்சு பழகும் இடம் அது. அப்புறம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பெண்களுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் ஓர் எழுத்தாளர் அக்காவிடம் ஆறு வாரம். இரண்டில் எது என்று தோழிகள் கேட்டால் தயங்காமல் இரண்டாவதைச் சொல்கிறேன்.

மன்றத்தைப் பற்றிப் பலருக்குத் தெரியும் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது. பெண்களை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது 1973இல்தான். தயாரித்து வந்து பேசினால் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு நிமிடம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நேரம் காட்டுவார்கள். அந்த நேரத்தில் கொடுக்கும் தலைப்பில் ஓரிரு நிமிடம் பேசும் பகுதியும் உண்டு. நீங்கள் எத்தனை முறை 'ஆ', 'ம்' என்று இழுத்தீர்கள் என்று எண்ணவே ஓர் ஆள் இருப்பார். கட்டணம் ஆறு மாதத்துக்கு 60 அமெரிக்க டாலர், சேரும்போது தனியாக 20. சில மன்றங்கள் தங்கள் செலவுக்கும் கொஞ்சம் வாங்கும். கோலாலம்பூரில் ஆங்கிலத்தில் நடப்பவைதான் அதிகம், தமிழில் நடப்பவையும் உண்டு. என் கை நடுக்கம் போனது அங்கேதான். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு.

அக்காவிடம் ஓர் அமர்வுக்கு 180 ரிங்கிட், ஆறுக்கு 1,080. பணத்தை மட்டும் பார்த்தால் மன்றத்தோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் முதல் நாள் நான் அங்கே வாயே திறக்கவில்லை. "கூட்டத்துல என்ன சொல்லணும்னு நெனச்சியோ, அத அப்படியே எழுதும்மா" என்று ஒரு தாளை நீட்டினார். நான் எழுதியது இது: "யாரும் தப்பா நினைச்சுக்காதீங்க, எனக்கு அவ்வளவா விவரம் தெரியாது, வேன் விஷயமா ஒரு சின்ன கருத்து, முடிஞ்சா கொஞ்சம் பார்த்தா நல்லா இருக்கும்."

பென்சிலை எடுத்து நான்கு இடத்தில் வட்டம் போட்டார். தப்பா நினைச்சுக்காதீங்க. விவரம் தெரியாது. சின்ன கருத்து. முடிஞ்சா. "இந்த நாலையும் எடுத்துட்டா என்னம்மா மிச்சம்?" என்று கேட்டார். தாளைப் பார்த்தேன். பிள்ளைகளே அதில் இல்லை. சாலை இல்லை, லாரி இல்லை, யார் என்ன செய்ய வேண்டும் என்பதும் இல்லை. மன்னிப்பு மட்டும்தான் இருந்தது.

என் முடிவுக்குக் காரணம் இந்த ஒன்றுதான். நான்கு மாதத்தில் என் குரல் தெளிந்திருந்தது, நேரத்துக்குள் பேச வந்தது. ஆனால் அந்தத் தாளில் இருந்ததைத்தான் தெளிவான குரலில் பேசியிருப்பேன். மன்றத்தின் பயிற்சி எப்படிப் பேசுவது என்பதற்கு. நம் வீட்டுப் பெண்களில் பலருக்குச் சிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கேட்பது நம் உரிமை என்று மனதுக்குப் படாதவரை, வாக்கியம் பணிந்து பணிந்துதான் வரும். அது பேசும்போது காதில் விழாது, காற்றோடு போய்விடும். எழுதினால் கண்ணில் படும். எழுத்தாளர் ஒருவரிடம் போவதில் உள்ள லாபம் அதுதான்.

மூன்றாம் வாரம் அக்கா ராசம்மா பூபாலனைப் பற்றிப் பேசினார். பதின்ம வயதில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென இருந்த ஜான்சி ராணி படையில் சேர்ந்தவர், பிறகு ஆசிரியை, 1960இல் பெண் ஆசிரியர்களுக்குத் தொழிற்சங்கம் அமைத்தவர். அவர்கள் கேட்டது ஒரே வரியில் அடங்கும்: ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். "இதுல 'முடிஞ்சா' எங்கம்மா இருக்கு?" என்றார் அக்கா. அன்று நான் எழுதியது: "காலையில் வேன்கள் பிள்ளைகளை எதிர்ப்பக்கம் இறக்கிவிடுகின்றன. வரும் திங்கள் முதல் பள்ளி வாசல் பக்கம் இறக்க வேண்டும். இதை இன்றே தீர்மானமாக எடுக்கக் கேட்கிறேன்." அடுத்த கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பின்வரிசையிலிருந்து இரண்டு அம்மாக்கள் எழுந்து வழிமொழிந்தார்கள்.

அக்கா வழியிலும் குறை இருக்கிறது. ஆறு வாரம் முடிந்தால் முடிந்தது. பேசிக்கொண்டே இருக்க ஓர் இடம் வேண்டும், அதை மன்றம்தான் தரும். நானே இப்போது மாதம் ஒருமுறை விருந்தினராகப் போய் வருகிறேன். மேடையைப் பார்த்தாலே வியர்ப்பவர், பேச இன்னும் எந்த விஷயமும் இல்லாதவர் என்றால் முதலில் மன்றத்துக்கே போங்கள். வேலைக்கான நேர்முகம், அலுவலகத்தில் எழுந்து விளக்கிப் பேசுவது இவற்றுக்கு அக்கா வழி எவ்வளவு உதவும் என்று நான் சோதித்ததில்லை. நான் பார்த்ததும் ஒரே ஒரு பயிற்சியாளரைத்தான். ஹோட்டலில் ஒரே நாளில் நடக்கும் பட்டறைகளுக்கு நான் போனதில்லை, அதனால் அதில் புகவில்லை.

பயிற்சியாளர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம் என்பதால் முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டிவிடாதீர்கள். அவர் எழுதியதைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். ஓர் அமர்வுக்கு மட்டும் கொடுத்து, நீங்கள் உண்மையிலேயே பேச வேண்டிய ஒன்றை எழுதி எடுத்துப் போங்கள். அவர் பென்சிலை எடுக்கிறாரா என்று பாருங்கள்.