மொட்டை மாடி வெயிலுக்கு எந்த சோலார் பேனல்?

சோலார் கொட்டேஷன் கேட்டால் முதலில் வாட் கணக்கைத்தான் சொல்வார்கள்: 540, 575 என்று. அந்த வாட், பேனலுக்குள் மின்சாரம் உண்டாக்கும் செல்லின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. மே மாத மதுரையில் உச்சி வெயில் நேரத்தில் பேனல் மேல் கை வைத்துப் பாருங்கள், உடனே எடுத்துவிடுவீர்கள். உள்ளே செல் 65 டிகிரியைத் தொடும்.

அதனால் நான் முதலில் பார்ப்பது டேட்டா ஷீட்டில் உள்ள 'டெம்பரேச்சர் கோஎஃபிஷியன்ட்' வரியை. ஒரு டிகிரி ஏறினால் எத்தனை சதவீதம் உற்பத்தி குறையும் என்ற கணக்கு அது. பேனலில் வகைகள் உண்டு: நீல நிறப் பாலிக்கு ஏறத்தாழ 0.40, கறுப்பு மோனோ பெர்க்குக்கு 0.35, இப்போது பரவலாகிவரும் டாப்கானுக்கு 0.30. நாற்பது டிகிரி கூடினால் பாலியில் 16 சதவீதம் போய்விடும், டாப்கானில் 12.

பாலி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன். 3 கிலோவாட்டுக்கு 330 வாட் பாலி ஒன்பது வேண்டும். 575 வாட் டாப்கான் ஐந்திலேயே கிட்டத்தட்ட வந்துவிடும். துணி காயப்போட, வடகம் பிழிய மாடியில் இடம் மிஞ்சும்.

தின் ஃபிலிம் என்ற மெல்லிய படல வகை சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் அதே மின்சாரத்துக்கு இடம் அதிகம் பிடிக்கும். வீட்டுக்குத் தேவையில்லை.

பைஃபேஷியல் பின்பக்கமும் வெளிச்சம் வாங்கும். தளத்தில் வெள்ளை கூல் டைல்ஸ் ஒட்டி, பேனலை நல்ல உயரத்தில் தூக்கி வைத்தால்தான் அதனால் பலன். கறுத்துப்போன தளத்துக்கு ஒட்டினாற்போல் வைத்தால் கூடுதல் காசு வீண்.

பக்கத்தில் தென்னையோ தண்ணீர் டேங்கோ இருந்தால் ஹாஃப் கட் பேனல் கேளுங்கள். அதில் மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனியாக ஓடும். கீழே நிழல் விழுந்தாலும் மேல் பாதி வேலை செய்துகொண்டிருக்கும்.

சரி, டாப்கானா மோனோ பெர்க்கா? இங்கே மானியம் குறுக்கே வருகிறது. வீட்டு மாடி சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய், செல்லும் பேனலும் இந்தியாவில் தயாரானால் மட்டுமே. அதைத்தான் டிசிஆர் என்கிறார்கள். டிசிஆர் டாப்கான் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் டிசிஆர் மோனோ பெர்க் போதும், 0.05 வித்தியாசத்துக்காக மானியத்தை விடாதீர்கள். கொட்டேஷனில் 'டிசிஆர்' என்ற சொல்லோடு பேனல் மாடலையும் எழுதி வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.