வண்ணாரப்பேட்டையில் "நூறு வருஷத்து" இஸ்திரிப் பெட்டி வாங்குவோர் கவனத்துக்கு

பழைய வார்ப்பிரும்புத் தோசைக்கல்லும் பணியாரச் சட்டியும் தேடி வாங்கும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. இஸ்திரிப் பெட்டி மட்டும் வாங்கியதில்லை. சென்ற மாதம் பழைய வண்ணாரப்பேட்டைக் கடை ஒன்றில் அந்த ஆசை தீர 4,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். இன்னொருவர் அதே இடத்தில் பணத்தை இழக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

கரி போட்டுத் தேய்க்கும் பெட்டி அது. மூடியின் கொக்கியில் ஒரு சேவல், அதன் கீழே ஆங்கில எழுத்துகள். கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனி) காலத்தில் துணி வெளுப்பவர்கள் குடியேறியதால்தான் இந்தப் பேட்டைக்கு இந்தப் பெயர் வந்தது என்றும், அப்படிப்பட்ட ஒரு குடும்பத்திலிருந்து வந்த நூறு வருஷத்துப் பெட்டி இது என்றும் கடைக்காரர் சொன்னார். பெயர்க் காரணம் உண்மைதான். அதை நம்பிய வேகத்தில் பெட்டியின் கதையையும் நம்பிவிட்டேன்.

எங்கள் தெருவில் நாற்பது ஆண்டுகளாக இஸ்திரி போடும் பெரியவரிடம் காட்டினேன். மூடியைத் திறந்து உட்பக்கத்தில் விரலை ஓட்டியவர், "தம்பி, இது இன்னும் நெருப்பையே பாக்காத பெட்டி" என்றார். பல காலம் கரி எரிந்த பெட்டியின் உட்சுவரில் சாம்பலும் கருக்கும் இறுகிப் பிடித்திருக்கும். இதிலோ வார்ப்பு மணலின் சொரசொரப்பு அப்படியே இருந்தது. துணியில் தேய்ந்து வழவழப்பாகி, விளிம்புகள் மழுங்கியிருக்க வேண்டிய அடிப்பாகத்தில் கிரைண்டர் ஓடிய கோடுகள் தெரிந்தன. கொக்கியின் கறுப்புப் பெயின்டைச் சுரண்டினால் உள்ளே ஸ்டார் ஸ்க்ரூ. அந்த வகைத் திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது.

கைக்குட்டையால் துடைத்தபோது, புதிதாகப் பிடித்த துருவைப் போல ஆரஞ்சு நிறப் பொடி ஒட்டிக்கொண்டது. ஆனால், எங்கள் பக்கத்துக் கடற்காற்றில் உண்மையான பழைய இரும்பும் ஒரே மழைக்காலத்தில் அப்படி ஆகிவிடும் என்பதால், துருவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அதைவிட உறுதியான சோதனை அளவெடுப்பது. பழைய பொருளையே அச்சாக வைத்து மணலில் பதித்துப் புதிதாக வார்த்தால், உருகிய இரும்பு இறுகி ஆறும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். 20 சென்டிமீட்டர் நீளப் பெட்டியில் அது 2 மில்லிமீட்டர். எழுத்துகளின் முனைகளும் கரைந்தாற்போல் மங்கிவிடும். பெரியவரிடம் அதே மாதிரியில் ஒரு பழைய பெட்டி இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து அளந்தோம்; என்னுடையது 2 மில்லிமீட்டர் குறைவாகத்தான் இருந்தது.

அதே கடையில் "வெள்ளைக்காரன் காலத்து" எடைக்கற்கள் என்று ஒரு வரிசையும் உண்டு. அவற்றில் ஒன்றில் 2 கிலோ என்று பொறித்திருந்தது பிறகுதான் எனக்கு உறைத்தது. நம் சந்தைகளுக்குக் கிலோ வந்தது 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், 1958 முதல் படிப்படியாகத்தான்; அதற்கு முன் இங்கே வீசையும் பலமும் மணங்குமே எடைகள்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். ரசீதில் "இரும்புச் சாமான் 1" என்று மட்டுமே இருந்தது. என் பெரிய தவறு அதுதான். பொருள் எந்தக் காலத்தது என்று கடைக்காரர் வாயால் சொல்வதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். எழுத்தில் இருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. முதலில் 1915 என்ற உதவி எண்ணை அழைத்து வழி கேட்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையைக் கடந்து வந்தேன். என் பெட்டி இருந்த இடத்தில் இன்னொரு பெட்டி இருந்தது. என்னுடையதில் மூன்றாவது எழுத்தின் வலது கால் வீங்கினாற்போல் தடித்திருக்கும். அதிலும் அதே எழுத்து, அதே கால், அதே தடிப்பு.