பலகையின் மேல்பாதி

நான் கணக்கு ஆசிரியர். பதினொரு ஆண்டுகளாகக் கரும்பலகையின் மேல்பாதியில் எழுதியதே இல்லை. கையைத் தூக்கினால் அக்குளில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரியும். ஆகவே தேற்றங்களை எல்லாம் இடுப்பு உயரத்திலேயே நிரூபித்துவந்தேன். கடைசி வரிசையில் இருப்பவர்கள் எழுந்து நின்று பார்த்து எழுதிக்கொள்வார்கள். காரணம் கேட்டால் தோள்வலி என்பேன்.

நான் வாங்காத டியோடரண்ட் இல்லை. அவை நாற்றத்தைத்தான் அடக்கும், வியர்வையை நிறுத்தாது என்பது தோல் மருத்துவர் சொன்ன பிறகே உறைத்தது. என் தொல்லை நாற்றம் அல்ல, ஈரம். தூக்கத்திலும் வியர்க்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே அளவா, வீட்டில் வேறு யாருக்கும் உண்டா என்று கேட்டார். தூக்கத்தில் இல்லை, இரண்டு பக்கமும் உண்டு, அப்பாவுக்கும் உண்டு என்றேன். இரவிலும் உடல் நனைந்தால் வேறு நோய் இருக்கிறதா என்று தேட வேண்டும் என்று சொல்லிவிட்டு, 20 சதவீத அலுமினியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் கலந்த ரோல்-ஆன் ஒன்றை எழுதித் தந்தார். வாசனையில்லாத, தண்ணீர் போன்ற திரவம். வியர்வைக் குழாயின் வாயில் இந்த அலுமினிய உப்பு படிந்து அடைத்துக்கொள்ளுமாம்.

முதல் வாரம் நரகம். இரவு குளித்துத் துவட்டிய கையோடு பூசினேன். பத்து நிமிடத்தில் கட்டெறும்புக் கூட்டம் ஏறியது போல எரிந்தது. ஆறாம் நாள் குப்பியைத் தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். என் மனைவி அதை எடுத்து, ஒட்டியிருந்த தாளைப் படித்தாள். 'உலர்ந்த சருமத்தில்' என்று இரண்டே சொற்கள், அதுவும் பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில். ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியம் குளோரைடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தருகிறது. நான் ஆறு இரவும் அதைத்தான் தயாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்! இவ்வளவு முக்கியமான செய்தியைக் கொட்டை எழுத்தில் அச்சடிக்காததற்கே ஒரு மதிப்பெண் குறைக்கிறேன்.

தோல் ஆறும்வரை நான்கு நாள் விட்டுவிட்டு மறுபடி தொடங்கினேன். படுக்கப்போகும் முன் மின்விசிறிக்கு நேரே கால் மணி நேரம் கையைத் தூக்கி நிற்பேன். சரணடைந்த சிப்பாய் போலத்தான் இருக்கும், பரவாயில்லை. பிறகு மெல்லிய ஒரு பூச்சு, அதுவும் காய்ந்த பிறகே பனியன். இரவில் வியர்வை குறைவாகச் சுரப்பதால்தான் அப்போது பூசச் சொல்கிறார்கள். காலையில் கழுவிவிட வேண்டும். மழித்த அன்றும் மறுநாளும் தொடவே கூடாது.

ஐந்தாவது இரவுக்குப் பின் சட்டை காய்ந்தே இருந்தது. நம்பாமல் இடைவேளையில் கழிவறைக்குப் போய்த் தொட்டுப் பார்த்தேன். மறுவாரம் பலகையின் உச்சியில் தலைப்பை எழுதினேன். "தோள் சரியாகிவிட்டதா சார்?" என்றான் ஒரு பையன்.

இப்போது வாரம் இருமுறை போதுகிறது. எப்போதாவது அரிப்பு வந்தால் மருத்துவர் சொன்ன 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் களிம்பைக் காலையில் தடவுகிறேன். குறை இல்லாமல் இல்லை. அவசரத்தில் அணிந்த இரண்டு பனியன்களின் அக்குள் பகுதி இற்றுப்போனது. உருளையைச் சுற்றி உப்பு இறுகி, சில நாள் அது சுழல மறுக்கிறது. இது நிரந்தரத் தீர்வும் அல்ல. மூன்று வாரம் மறந்தேன், பழைய ஈரம் திரும்பி வந்தது. ஆக ஐந்துக்கு மூன்றரை.

இது பலிக்காதவர்களுக்கு 'போடாக்ஸ்' எனப்படும் போட்டுலினம் ஊசி இருக்கிறது. சில மாதங்கள் தாங்கும். நெஞ்சுக்குள் நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சையை மருத்துவரே எனக்கு வேண்டாம் என்றார். வியர்வை முதுகுக்கும் வயிற்றுக்கும் இடம் மாறிவிடக்கூடுமாம். எனக்கு ஊசியும் தேவைப்படவில்லை. ஆனால் ஊசிக்கு முன் அயோடின் தடவி, மேலே மாவுச்சத்துப் பொடி தூவி ஒரு சோதனை செய்வதுண்டு. வியர்க்கும் இடம் மட்டும் கருநீலமாக மாறி வரைபடம் போலத் தெரியும். அதை மட்டும் ஒருமுறை செய்து, பரப்பளவைக் கணக்கிட ஆசை.