லூசியானா கிரேஃபிஷா, ரெட்கிளாவா? பண்ணைக்கு இறக்குவதற்கு முன் ஓர் அலசல்

பார்ப்பதற்குச் சின்னச் சிங்கி இறால் மாதிரி இருக்கும் நன்னீர் உயிரி கிரேஃபிஷ். சூடான நாடுகளில் இதைப் பண்ணை வைத்து வளர்க்க நினைப்பவர்கள் முன்னால் பெரும்பாலும் இரண்டு இனங்கள்தான் வரும். ஒன்று, அமெரிக்காவின் தென்பகுதியையும் வடகிழக்கு மெக்சிகோவையும் சேர்ந்த சிவப்புச் சதுப்பு கிரேஃபிஷ். சுருக்கமாக லூசியானா கிரேஃபிஷ் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, வட ஆஸ்திரேலியாவையும் பாப்புவா நியூ கினியின் தென்பகுதியையும் சேர்ந்த ரெட்கிளா. இரண்டையும் வாங்கி வளர்த்துப் பார்த்துவிட்ட கண்டம் ஆப்பிரிக்கா. விற்பனையாளர் தரும் விளக்கத்தைவிட அங்கே நடந்தது நம்பகமான சாட்சி.

கென்யாவின் நைவாஷா ஏரியில் 1970-ல் லூசியானா கிரேஃபிஷை விட்டார்கள். நன்றாகவே பெருகியது, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியும் நடந்தது. ஆனால் 1980-களின் தொடக்கத்தில் ஏரிக்குள் மூழ்கி வளரும் செடிகளும் நீல அல்லியும் ஏறக்குறைய இல்லாமல் போயின. பழியை இதன் தலையில் மட்டும் போட முடியுமா என்ற கேள்வி நியாயம்தான், அந்த ஏரிக்கு வேறு தொல்லைகளும் உண்டு. ஆனால் கிரேஃபிஷ் குறைந்த காலங்களில் செடிகள் திரும்பி வந்தன, பெருகியதும் மறுபடி அழிந்தன. இப்படி ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகு சந்தேகத்துக்கு அதிக இடமில்லை.

இந்த இனத்தின் பெரிய பலம், மண்ணைத் தோண்டி உள்ளே போய்விடுவது. குளம் வற்றினாலும் வளைக்குள் ஈரம் இருந்தால் பிழைத்துக்கொள்ளும், மழை வந்தால் தரையில் நடந்து அடுத்த நீர்நிலைக்குப் போகும். வயல் வரப்பும் வாய்க்கால் கரையும் இதனால் ஓட்டையாவது பல நாடுகளில் பார்த்த விஷயம். ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். நத்தைக் காய்ச்சல் என்ற புழுநோயைப் பரப்பும் நன்னீர் நத்தைகளை இது தின்னும். கென்யாவில் இதை வைத்து நோயைக் கட்டுப்படுத்தலாமா என்றே ஆராய்ந்திருக்கிறார்கள்.

ரெட்கிளாவுக்கு வருவோம். காகிதத்தில் இது சாது. அதிகம் தோண்டாது, ஆறேழு மாதத்தில் விற்பனை அளவுக்கு வந்துவிடும், 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் தாங்காது. அந்தக் கடைசிக் குணத்தைப் பாதுகாப்பு என்று சொல்லி விற்பார்கள். குளிர்நாட்டில் அது பாதுகாப்புதான். வெப்பநாட்டு ஆற்றில் அதற்கு என்ன அர்த்தம்? எஸ்வாட்டினியில் பண்ணையிலிருந்து தப்பியது கொமாட்டி ஆறு வழியாகத் தென்னாப்பிரிக்காவுக்குள் போனது. சாம்பியாவில் கஃபூவே ஆற்றுச் சமவெளியிலும் கரிபா ஏரியிலும் நிலைகொண்டுவிட்டது. அங்கே மீனவர்களின் வயிற்றெரிச்சல் வேறு: செவுள் வலையில் சிக்கிய மீனை இது கடித்துக் குதறி, விற்க முடியாமல் செய்துவிடுகிறது.

நோய்க்கணக்கில் இரண்டும் நேர் எதிர். கிரேஃபிஷ் பிளேக் என்ற கொல்லி நோயை உண்டாக்கும் நீர்ப்பூஞ்சை போன்ற நுண்ணுயிரி அமெரிக்க இனங்களோடு சேர்ந்து பழகியது. அவை அதைச் சுமந்துகொண்டே ஆரோக்கியமாக உலவும். ஐரோப்பிய, ஆஸ்திரேலிய இனங்களுக்கோ அது எமன். 1859-ல் இத்தாலியில் முதலில் தென்பட்ட இந்நோய் 1907-ல் சுவீடனை எட்டியது. அழிந்துபோன சொந்த இனத்துக்கு ஈடாக, 1960-களில் நோய் தாங்கும் சிக்னல் கிரேஃபிஷை அமெரிக்காவிலிருந்து சுவீடனே வரவழைத்தது. அதன் மூலம் நோய் நிரந்தரமாகக் குடியேறியது. ரெட்கிளாவை வளர்ப்பவருக்கு இதே ஆபத்து தன் முதலீட்டிலேயே இருக்கிறது. தைவானில் பிளேக் புகுந்த ரெட்கிளா பண்ணைகளில் கூட்டம் கூட்டமாகச் செத்தன.

"எங்கள் ஊரில் சொந்த கிரேஃபிஷே கிடையாதே, பிளேக் வந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆப்பிரிக்கப் பெருநிலத்திலும் இந்தியாவிலும் சொந்த இனம் இல்லை என்பது உண்மை. இது பாதி வாதம்தான். அந்த நுண்ணுயிரி சில நன்னீர் நண்டுகளிலும் தொற்றும். அதைவிடப் பெரிய கவலை வெள்ளைப்புள்ளி வைரஸ். 1990-களின் நடுவில் தமிழக இறால் குளங்களைக் காலி செய்தது அதே வைரஸ்தான். லூசியானா கிரேஃபிஷ் அதற்கு எவ்வளவு எளிதாக இரையாகும் என்றால், ஆய்வுக்கூடங்களில் அந்த வைரஸைப் படிக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ரெட்கிளாவுக்கும் தொற்றும்.

தனிமைப்படுத்திப் பரிசோதித்து இறக்கினால் போதாதா? சென்னை நீலாங்கரையில், வெளிநாட்டிலிருந்து வரும் வன்னமை என்ற பண்ணை இறாலின் தாய்களுக்கு அப்படி ஏற்பாடு இருக்கிறது. நோயை அது ஓரளவு வடிகட்டும். தப்பிப்பதை வடிகட்டாது. சுத்தமான ரெட்கிளாவும் ஆற்றில் விழுந்தால் ரெட்கிளாதான்.

மூன்றாவது வழியாக நம் ஆற்று இறாலை, அதாவது ஸ்கேம்பியை, வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கிரேஃபிஷ் குஞ்சு தாயின் வயிற்றடியிலேயே முழு உருவம் பெற்று நன்னீரில் இறங்கும். சினைப்பட்ட ஒரு பெண் தப்பினாலே போதும். ஸ்கேம்பியின் இளம்புழுவுக்கு உவர்நீர் வேண்டும். கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் குளத்திலிருந்து ஓடினாலும் அங்கே குடும்பம் நடத்த முடியாது. தெற்காசியாவில் அது சொந்த இனம் வேறு. குறைகள் இல்லாமல் இல்லை: வெள்ளைவால் நோய் உண்டு, ஆண்கள் சீராக வளராமல் ஒன்று பெருத்து மற்றது குட்டையாக நிற்கும்.

என் தரவரிசை: முதலில் ஸ்கேம்பி. ரெட்கிளா, ஆற்றோடு எந்த வடிகால் தொடர்பும் இல்லாத மூடிய தொட்டியில் மட்டும், பரிசோதித்த தாயின் குஞ்சுகளை வைத்து. லூசியானா கிரேஃபிஷ் வேண்டவே வேண்டாம்; ஒருமுறை விட்டு, அதைச் சுற்றித் தொழிலும் வளர்ந்துவிட்டால் திரும்ப எடுப்பது எளிதல்ல. ஸ்பெயினில் 1974-ல் குவாடல்கிவிர் சதுப்பில் விட்டதைச் சுற்றி இஸ்லா மயோர் என்ற ஊரே தொழில் வளர்த்தது. 2016-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்நிய இனத்தை வணிகத்துக்குப் பிடிப்பதற்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது ஊர் கொந்தளித்தது. கடைசியில் 2018-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், கிரேஃபிஷ் தொழில் தொடர்ந்தது.