தொட்டிக்கு நாலு நட்சத்திரம், கதவுக்கு ஒன்று

அடர்த்தி வேறான இரண்டு நீர் சந்தித்தால் என்ன ஆகும் என்று காட்ட, போன மாதம் பள்ளி ஆய்வகத்துக்காக இந்த அக்ரிலிக் தொட்டியை இணையத்தில் வாங்கினேன். 120 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், நடுவில் மேலே உருவி எடுக்கிற மாதிரி கதவு போல ஒரு தடுப்பு. விலை 4,800 ரூபாய். மீன்தொட்டிக் கடையில் சொல்லியிருந்தால் பாதி விலைக்கே செய்திருப்பார்கள் என்று ஆய்வக உதவியாளர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

20 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர். ஒரு பக்கம் நல்ல தண்ணீர். மறுபக்கம் லிட்டருக்கு 20 கிராம் உப்பும் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரும் கரைத்தது. அடர்த்தி வித்தியாசம் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. தடுப்பைத் தூக்கியதும் ஆரஞ்சு நீர் அடியில் நாக்கை நீட்டிக்கொண்டு ஓடுகிறது. நல்ல தண்ணீர் அதன் மேலேறி எதிர்த்திசையில் போகிறது. சுவரைத் தொட ஏழெட்டு விநாடி. கணக்குப் போட்டாலும் விநாடிக்கு சுமார் 8 செ.மீ.தான் வருகிறது.

ஆனால் பார்க்க வேண்டியது இரண்டும் உரசும் இடத்தை. அலை எழும்பி, தலை சுருண்டு, உடைந்து சிதறுகிறது. கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள்கள் என்று இத்தனை வருடம் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தது இதைத்தான். எல்லாம் அடங்கிய பின் மேலே தெளிவு, அடியில் ஆரஞ்சு, நடுவில் வெளிறிய ஒரு பட்டை. அந்தப் பட்டைதான் கலந்த நீர்.

1680 வாக்கில் மார்சிலி என்ற இத்தாலியர் இதே போல் தடுப்பு வைத்த பெட்டியில்தான் கருங்கடலின் வாசலான, துருக்கியில் உள்ள பாஸ்பரஸ் நீரிணையின் புதிரை விளக்கினார்: மேலே கருங்கடல் நீர் வெளியேற, அடியில் உப்பு கூடிய நீர் உள்ளே போகிறது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சரி, குறைக்கு வருகிறேன். தடுப்பு ரொம்ப மெல்லிசு. தண்ணீர் ஊற்றும்போதே வளைகிறது. வாசலின் தடவியும் ஓரத்தில் கசிவு. இழுத்தால் முதலில் இறுகி, அப்புறம் வெடுக்கென்று வரும். அந்த உதறலே பாதியைக் கலக்கிவிடுகிறது. "மிஸ், இது தானா கலந்ததா, உங்க கை கலக்கினதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்துப் பட்டறையில் 180 ரூபாய்க்கு எஸ்.எஸ். (எவர்சில்வர்) தகடு வெட்டி மாட்டிய பிறகுதான் சோதனை ஒழுங்காக வந்தது. விற்றவர்களுக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை.

வாங்குகிறவர்களுக்கு: இரண்டு பக்கமும் ஒரே வாளித் தண்ணீர் எடுங்கள். மொட்டை மாடித் தொட்டியின் வெந்நீர் ஒரு பக்கம் போனால் அடர்த்தி மாறி, கணக்கு உதைக்கும். கூடவே வரும் நீலச் சாயத்தைத் தொடாதீர்கள். என் காட்டன் புடவையில் அது இன்னும் இருக்கிறது.