பெப்பிளா, எடிஃபையரா?

அக்கா மகன் சுங்கை சிப்புட்டிலிருந்து தஞ்சோங் மாலிம் படிக்கக் கிளம்புகிறான், ஹாஸ்டல் அறைக்கு எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்று இரண்டு வாரமாக என் உயிரை எடுக்கிறான். கடைசியில் மிஞ்சியது கிரியேட்டிவ் பெப்பிளும் எடிஃபையர் ஆர்1280டியும்.

பெப்பிள் யுஎஸ்பியிலேயே ஓடும், பிளக் பாயிண்டுக்காக ரூம்மேட்டோடு சண்டை வேண்டாம். வெறும் 4.4 வாட், உள்ளே ஒலி எழுப்புகிற டிரைவரும் 2 அங்குலம்தான், ஆனால் 45 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் மேசையில் வைத்தாலும் பாடகர் குரல் நேரே காதுக்கு வரும். உறுமி மேளம் போட்டால் மட்டும் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கும்.

எடிஃபையர் வேறு ரகம். 42 வாட், கனத்த ஒலிக்கென்றே 4 அங்குல வூஃபர். எங்கள் தோட்டத்து வீட்டு ஹாலில் போட்டபோது உறுமியின் அந்த இழுப்பு நெஞ்சில் வந்து விழுந்தது, அம்மாவே கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஆனால் விலை அதிகம், அப்புறம் லீவுக்கு அந்த மரப்பெட்டி இரண்டையும் பஸ்ஸில் யார் தூக்குவது? சுவரைத் தாண்டிப் பக்கத்து அறைக்காரனை எழுப்புவதும் இந்தக் கனத்த பேஸ் ஒலிதான்.

சரி, பெப்பிளையே வாங்குடா என்றேன். உறுமி கேட்க வேண்டுமென்றால் தீபாவளிக்கு வீட்டுக்கு வரட்டும்.